டூல் போஸ்ட்டுக்குப் பின்னால் ஒருவர்: ஹென்றி மாட்ஸ்லே

ஒர்க்‌ஷாப்ல லேத் ஓட்டுறீங்களா? இவரைத் தெரிஞ்சுக்கோங்க நண்பர்களே.

1771-ல் இங்கிலாந்தின் வுல்விச்சில் பிறந்தவர் ஹென்றி மாட்ஸ்லே. 12 வயதிலேயே ஆயுதச்சாலையில் தோட்டாக்களுக்கு மருந்து நிரப்பப் போனார். 18 வயதில் பூட்டு தயாரிப்பாளர் பிராமாவிடம் சேர்ந்தார். வாரச் சம்பளம் 30 ஷில்லிங். குடும்பஸ்தர், கூட்டிக் கேட்டார், கிடைக்கல. 1797-ல் வெளியேறி லண்டனில் சொந்தப் பட்டறை போட்டார்.

அப்போல்லாம் உளியைக் கையில் பிடிச்சுத்தான் பெரும்பாலும் கடைசல் வேலை. கை ஆடினா அளவு போச்சு. ஒரு போல்ட்டுக்குச் செஞ்ச நட்டு இன்னொன்றில் ஏறாது. 1800 வாக்கில் மாட்ஸ்லே ஸ்லைடு ரெஸ்ட், லீட் ஸ்க்ரூ, மாற்றும் கியர்கள் மூன்றையும் ஒரே லேத்தில் இணைத்தார். மரைகள் ஒரே அளவில் வந்தன. அவர் பட்டறையில் வேலை பார்த்த விட்வொர்த்தான் 1841-ல் மரைக்குத் தர அளவு தந்தார். அதைப் பார்க்க மாட்ஸ்லே இல்லை, 1831-லேயே மறைந்துவிட்டார்.

அடுத்த லேபில் டூல் போஸ்ட்டை நல்லா இறுக்குங்க. ஆடாத உளிக்காகத்தான் மனுஷன் அவ்வளவு பாடுபட்டார்.