பால் செசான்

பால் செசான் (சனவரி 19, 1839 – அக்டோபர் 22, 1906) பிரான்சு நாட்டைச் சேர்ந்த ஓவியர் ஆவார். உணர்வுப்பதிவுவாதத்துக்கும் இருபதாம் நூற்றாண்டின் கியூபிசத்துக்கும் இடையே பாலமாக அமைந்தவராகக் கருதப்படுகிறார். புதின எழுத்தாளர் எமில் சோலாவுடன் இவர் கொண்டிருந்த கடிதத் தொடர்பு, இவரது வாழ்க்கையை அறிய உதவும் முதன்மைச் சான்றுகளுள் ஒன்றாகும்.

இளமை

செசான் தென் பிரான்சிலுள்ள எக்சு நகரில் பிறந்தார். தொப்பி வணிகராக இருந்த தந்தை பின்னர் வங்கி உரிமையாளரானார். செசான் 1852இல் பள்ளியில் சோலாவுடன் நட்புக் கொண்டார். சோலா தந்தையை இழந்த ஏழை மாணவர். 1858இல் சோலா பாரிசுக்குச் சென்றபின் இருவரும் கடிதங்கள் எழுதிக்கொண்டனர். செசானோ தந்தையின் விருப்பத்துக்காகச் சட்டம் பயின்று வந்தார்.

1861 மார்ச்சில் சோலா எழுதிய கடிதம் ஒரு வரவு செலவுத் திட்டம் போன்றது. மாதம் 125 பிராங்கில் பாரிசில் வாழும் வழியை அதில் அவர் கணக்கிட்டிருந்தார்: அறைக்கு 20, உணவுக்கு 60, ஓவியப் பயிற்சிக்கூடத்துக்கு 10, துணி, தூரிகை, வண்ணங்களுக்கு 10, எஞ்சும் 25 சலவைக்கும் விளக்குக்கும் பிற செலவுகளுக்கும். அவ்வாண்டே செசான் பாரிசுக்குச் சென்றார்.

பண உதவி

செசான் தந்தை அனுப்பிய மாதத் தொகையை நம்பியே வாழ்ந்தார். ஆகவே துணைவி ஓர்தான்சு ஃபிகேயையும் 1872இல் பிறந்த மகனையும் தந்தையிடமிருந்து மறைத்து வைத்தார். 1878இல், மகனுக்கு வந்த கடிதமொன்றைப் பிரித்துப் படித்த தந்தை உண்மையை ஊகித்து, தொகையை 100 பிராங்காகக் குறைத்தார். அப்போது செசான் சோலாவை நாடினார். மார்சேயில் இருந்த ஓர்தான்சுக்கு 60 பிராங்கு அனுப்புமாறு கேட்டு எழுதினார். இவ்வேண்டுகோள் பல மாதங்கள் தொடர்ந்தது. முந்தைய ஆண்டு வெளியான புதினத்தால் செல்வம் பெற்றிருந்த சோலா பணம் அனுப்பி வந்தார். பணக்கார வீட்டுப் பிள்ளையும் ஏழை நண்பனும் இடம் மாறிவிட்டிருந்தனர். 1886இல் தந்தை இறந்து, சொத்து கைக்கு வந்தபின்னரே செசானின் பணக்கவலை நீங்கியது.

நட்பின் முடிவு

அதே 1886இல், தோல்வியுற்று மாளும் ஓவியர் ஒருவரைப் பற்றிய புதினத்தைச் சோலா வெளியிட்டார். நூலைப் பெற்ற செசான் ஏப்ரலில் எழுதிய நன்றிக் கடிதமே இறுதியானது என்றும், நட்பு அத்துடன் முறிந்தது என்றும் நெடுங்காலம் எழுதப்பட்டு வந்தது. 2010களில் வெளிவந்த, 1887 நவம்பர் 28 தேதியிட்ட கடிதம் இக்கருத்தை அசைத்துவிட்டது. அதில் சோலாவின் அடுத்த நூலுக்கு நன்றி கூறும் செசான், அவரை நேரில் காண வருவதாகவும் எழுதியுள்ளார். எனினும் நட்பு பின்னர் தளர்ந்தது உண்மையே. சோலா 1896இல் எழுதிய கட்டுரையில், செசானை முழுமை பெறாத மேதையாகவே மதிப்பிட்டார்.

சோலா 1902இல் மறைந்தார். அவரிடமிருந்த செசானின் தொடக்ககால ஓவியங்கள் 1903இல் பாரிசில் ஏலம் விடப்பட்டன. 1906 மே மாதம் எக்சு நகரில் சோலாவின் மார்பளவுச் சிலை திறக்கப்பட்டபோது செசான் கண்ணீர் விட்டதாகக் கூறப்படுகிறது. அவ்வாண்டு அக்டோபரில் வெளியில் ஓவியம் தீட்டிக்கொண்டிருந்தபோது மழையில் நனைந்த செசான், சில நாட்களில் நுரையீரல் அழற்சியால் காலமானார்.