பாஸ்டன் டாக்டர் சிட்னி ஃபார்பரும் பெயர் சொல்லாத பையனும்

பாஸ்டன் பக்கம் வேலைக்கு வந்து எட்டு வருஷம் ஆகிறது. ஒவ்வொரு கோடைக்கும் ஆபீஸில் யாராவது ஒருவர் என் மேசை அருகே வந்து நிற்பார். ஆகஸ்ட் மாதம் மாசசூசெட்ஸின் குறுக்கே சைக்கிள் ஓட்டப் போகிறேன், புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் சேர்க்கிறேன், முடிந்ததைக் கொடு என்பார். நானும் 25 டாலர் போட்டுவிட்டு அடுத்த மீட்டிங்குக்கு ஓடிவிடுவேன். அந்தப் பக்கத்தில் ஜிம்மி ஃபண்ட் என்று எழுதியிருக்கும். யார் இந்த ஜிம்மி என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

போன வருஷம் கேட்க வேண்டி வந்தது. எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு தமிழ்க் குடும்பம். அவர்களுடைய ஐந்து வயதுப் பையனுக்கு ரத்தப் புற்றுநோய். யாரிடமும் அவர்கள் சொல்லவில்லை. பொங்கல் விழாவுக்கு வரவில்லை, தமிழ்ப் பள்ளியில் பையனைக் காணோம். ஊருக்குப் போயிருப்பார்கள் என்று நாங்களே முடிவு கட்டிக்கொண்டோம். மூன்று மாதம் கழித்துத்தான் என் மனைவிக்கு விஷயம் தெரிந்தது. தெரிந்த பிறகும் நான் ஆறு வாரம் அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை. போய் என்ன பேசுவது என்பது நான் எனக்கே சொல்லிக்கொண்ட சாக்கு. உண்மையில் அது பயம். என் மகளுக்கும் அதே வயசு.

அந்த ஆறு வாரத்தில்தான் ராத்திரி தூக்கம் வராமல் சிட்னி ஃபார்பரைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன்.

ஃபார்பர் 1903-ல் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் பிறந்தவர். போலந்திலிருந்து குடிபெயர்ந்து வந்த யூதக் குடும்பம். பதினான்கு பிள்ளைகளில் மூன்றாவது. அந்தக் காலத்தில் அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளில் யூத மாணவர்களுக்கு இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு. அதனால் ஜெர்மனிக்குப் போய் முதலாம் ஆண்டு மருத்துவம் படித்தார். அங்கே நன்றாகப் படித்துக் காட்டிய பிறகுதான் ஹார்வர்டு கதவு திறந்தது. 1927-ல் டாக்டராக வெளியே வந்தார். இரண்டு வருஷம் கழித்து பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் நோய்க்குறியியல் வேலை. அதாவது, இறந்துபோன குழந்தைகளின் உடலை ஆராய்ந்து என்ன நோய் என்று சொல்லும் வேலை.

அடித்தளத்தில் ஒரு சின்ன ஆய்வகம். கிட்டத்தட்ட இருபது வருஷம் அங்கேதான். மேல் மாடியில் சிகிச்சை நடக்கும். தோற்றுப்போன பிறகு குழந்தை அவரிடம் கீழே வரும். ரத்தப் புற்றுநோய் என்றால் அன்றைக்கு மருந்தே கிடையாது. பல குழந்தைகள் சில வாரங்களில், சில மாதங்களில் போய்விடுவார்கள். ரத்தம் ஏற்றுவார்கள், வலிக்கு மருந்து கொடுப்பார்கள், அவ்வளவுதான். உயிரோடு இருக்கும்போதே இந்தக் குழந்தைகளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று நாற்பது வயசைத் தாண்டிய ஒருவருக்குத் தோன்றியதுதான் இந்தக் கதையின் திருப்பம்.

முதல் முயற்சி தப்பாகப் போனது. ரத்தம் ஊறுவதற்கு ஃபோலிக் அமிலம் உதவும் என்பதால் அதைச் சார்ந்த மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார். நோய் வேகம் எடுத்த மாதிரி தெரிந்தது. அங்கேயே விட்டிருக்கலாம். ஆனால் ஃபார்பர் அதைத் திருப்பிப் போட்டு யோசித்தார். ஃபோலிக் அமிலம் புற்றுச் செல்லை வளர்க்கிறது என்றால், அதைத் தடுக்கும் பொருள் புற்றைப் பட்டினி போடுமா? நாங்கள் சாஃப்ட்வேரில் பக் தேடுவது மாதிரிதான். கோளாறை அதிகமாக்குவது எது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ஆனால் எங்கள் தப்புக்கு ஒரு ரோல்பேக் உண்டு. அவருக்கு அது இல்லை.

அந்தத் தடுப்பு மருந்தை அவருக்குக் கொடுத்தவர் லெடர்லே நிறுவனத்தில் ஆராய்ச்சித் தலைவராக இருந்த எல்லாப்பிரகட சுப்பாராவ். பீமாவரத்தில் பிறந்த தெலுங்கர், நம்ம சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். 1920-களில் பாஸ்டனுக்கு வந்து, செலவுக்குப் பணம் இல்லாமல் மருத்துவமனையில் இரவு நேர எடுபிடி வேலை பார்த்துப் படித்தார். ஊரில் விட்டுவந்த மனைவியை மறுபடி பார்க்கவே இல்லை. 1948 ஆகஸ்டில் இங்கேயே இறந்துபோனார். வெளிநாட்டு வாழ்க்கை கஷ்டம் என்று நாம் புலம்பும்போதெல்லாம் எனக்கு இப்போது இவர் ஞாபகம் வருகிறது.

1947 டிசம்பர் கடைசியில் அமினாப்டெரின் என்ற மருந்தை ரத்தப் புற்றுநோய் வந்த ஒரு சின்னக் குழந்தைக்கு ஃபார்பர் கொடுக்கத் தொடங்கினார். சில வாரங்களில் வீங்கியிருந்த வயிறு வடிந்தது, குழந்தை எழுந்து நடந்தது. அடுத்த ஜூனில் மருத்துவ இதழில் வந்த கட்டுரையில் பதினாறு குழந்தைகளின் கணக்கு இருந்தது. பத்துப் பேருக்கு நோய் தணிந்திருந்தது. ஆனால் அது தாற்காலிகம். சில மாதங்களில் நோய் திரும்பியது, குழந்தைகள் இறந்தார்கள்.

அவரோடு வேலை பார்த்த டாக்டர்களிலேயே பலர் எதிர்த்தார்கள். எப்படியும் சாகப் போகிற குழந்தையை ஏன் ஊசியும் மருந்துமாக வதைக்கிறீர்கள், நிம்மதியாகப் போக விடுங்கள் என்பது அவர்கள் பக்கம். அதை நான் லேசாகத் தள்ள மாட்டேன். வாய்ப்புண்ணால் தண்ணீர்கூடக் குடிக்க முடியாத குழந்தையைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கேள்வி வரத்தான் செய்யும். அதற்கு ஃபார்பர் கடைசிவரை வேலையால் பதில் சொன்னார். அந்தப் பதில் முழுசாகக் கிடைக்க இன்னும் இரண்டு மூன்று தலைமுறை டாக்டர்கள் தேவைப்பட்டார்கள்.

மருந்து கிடைத்தால் போதாது, பணம் வேண்டும், இடம் வேண்டும், ஊர் கூட வேண்டும். இங்கேதான் ஜிம்மி வருகிறான். மேயின் மாநிலத்தின் கிராமத்துப் பையன், பன்னிரண்டு வயது, வயிற்றில் புற்றுநோய். பாஸ்டன் பிரேவ்ஸ் பேஸ்பால் அணி என்றால் உயிர். சினிமா, நாடகத் துறையினரின் தொண்டு அமைப்பான வெரைட்டி கிளப் 1948 மே 22 அன்று நாடு முழுக்கக் கேட்கும் வானொலி நிகழ்ச்சி ஒன்றை அந்தப் பையனின் படுக்கைக்கே இணைத்தது. பிடித்த ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக அவன் அறைக்குள் வந்தார்கள். மேட்ச் பார்க்க அவனுக்கு ஒரு டிவி வேண்டும், 20,000 டாலர் சேர்ந்தால் வாங்கித் தருவோம் என்று அறிவித்தார்கள். முதல் வருஷத்திலேயே 2,31,000 டாலருக்கு மேல் சேர்ந்தது. ஜனங்கள் உண்டியலில் போட்ட சில்லறையும் அதில் உண்டு. பையனுக்கு டிவி வந்தது. 1952-ல் ஜிம்மி ஃபண்ட் கட்டடமும் திறந்தது.

ஜிம்மி என்பது அவனுடைய நிஜப் பெயர் இல்லை. குடும்பத்துக்குத் தொல்லை வரக் கூடாது என்று அந்தப் பெயரை வைத்தார்கள். அவன் இறந்திருப்பான் என்றே பலர் நினைத்தார்கள். ஐம்பது வருஷம் கழித்து 1998-ல்தான், அவர் பிழைத்து, லாரி ஓட்டி, பிள்ளை குட்டி பெற்று நன்றாக இருக்கிறார் என்று ஊருக்குத் தெரிந்தது.

நான் இதைப் படித்த இரவு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். அங்கே பெயரை மறைத்தார்கள், நோயை மறைக்கவில்லை. நாம் நோயையே மறைக்கிறோம். ஜாதகம், கண்ணேறு, நாளைக்குப் பையன் கல்யாணப் பேச்சில் இது வருமோ, ஊரில் இருக்கும் அப்பா அம்மா தாங்குவார்களோ. காரணங்கள் எல்லாம் புரிகிறது. ஆனால் சாப்பாடு கொண்டுவரக்கூட ஆளில்லாமல் ஒரு தாய் ஆஸ்பத்திரி நாற்காலியில் தூங்குவதில் அது முடிகிறது.

ஃபார்பருக்கு இது தெரிந்திருந்தது. புற்றுநோய் வந்த குழந்தையைத் தனியாகப் பார்க்கக் கூடாது, குடும்பத்தையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்பது அவர் கொள்கை. டாக்டர், நர்ஸ், உணவு ஆலோசகர், சமூகப் பணியாளர், மனநல ஆலோசகர் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் இருக்க ஏற்பாடு செய்தார். இப்போது எல்லா நல்ல மருத்துவமனையிலும் இது சகஜம். அன்றைக்குப் புதுசு. பிறகு வாஷிங்டனுக்கு அலைந்து, மேரி லாஸ்கர் போன்றவர்களோடு சேர்ந்து புற்றுநோய் ஆராய்ச்சிக்கு அரசுப் பணம் கேட்டுக்கொண்டே இருந்தார். 1971-ல் தேசியப் புற்றுநோய்ச் சட்டம் வந்தது. 1973 மார்ச் 30 அன்று மாரடைப்பில் இறந்தார். அவர் தொடங்கிய நிறுவனம் இன்று டானா-ஃபார்பர் என்ற பெயரில் இருக்கிறது.

அன்று கிட்டத்தட்ட எல்லாக் குழந்தைகளையும் கொண்டுபோன அந்த ரத்தப் புற்றுநோயில், வசதியுள்ள நாடுகளில் இன்று பத்தில் ஒன்பது குழந்தைகள் பிழைக்கிறார்கள். உலகத்தில் வருஷத்துக்கு ஏறக்குறைய நான்கு லட்சம் குழந்தைகளுக்கும் பதின்வயதினருக்கும் புற்றுநோய் வருகிறது. பணக்கார நாடுகளில் எண்பது சதவீதத்துக்கு மேல் குணமாகிறது, பல ஏழை நாடுகளில் முப்பது சதவீதத்துக்கும் கீழே. மருந்து கண்டுபிடித்தாயிற்று. போய்ச் சேரத்தான் இல்லை.

ஏழாவது வாரம் அந்த வீட்டுக்குப் போனேன். என்ன பேசுவது என்ற கவலையே தேவைப்படவில்லை. அவருக்கு வேண்டியிருந்தது பேச்சு இல்லை, பெரிய பெண்ணை நீச்சல் வகுப்பில் கொண்டுபோய் விட ஓர் ஆள். இப்போது ஏழு குடும்பங்கள் முறை போட்டுக்கொண்டிருக்கிறோம். செவ்வாய், வியாழன் சாப்பாடு எங்களுடையது, நன்றாக வேக வைத்தது மட்டும், பச்சையாக எதுவும் கிடையாது. சளி, காய்ச்சல் இருந்தால் வாசலோடு திரும்பிவிடுவோம். இரண்டு பேர் தட்டணுக்கள் தானம் செய்கிறார்கள். ஊரிலிருந்து வந்த பாட்டிக்கு ஆஸ்பத்திரி சொல்வதைத் தமிழில் சொல்ல ஒருவர். நோய் விசாரிப்பு என்ற பெயரில் கூட்டமாகப் போவதில்லை, வாட்ஸ்அப்பில் நாட்டு மருந்து அனுப்புவதில்லை. அவர்களிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றார்கள்.

சிகிச்சை மொத்தம் இரண்டு மூன்று வருஷம் போகும். பையன் இப்போது வீட்டில்தான் இருக்கிறான். வாரம் ஒருநாள் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை சாப்பிடுகிறான். ஃபார்பரும் சுப்பாராவும் தொடங்கி வைத்த அதே மருந்துக் குடும்பம். அது கசப்பு என்று முகம் சுளிப்பான், அவன் அக்கா சிரிப்பாள்.

உங்கள் தமிழ்ச் சங்கத்தில் மூன்று மாதமாகக் காணாமல் போன குடும்பம் ஏதாவது இருந்தால், ஊருக்குப் போயிருப்பார்கள் என்று முடிவு கட்டாதீர்கள். ஒரு போன் போட்டுக் கேளுங்கள். நான் ஆறு வாரம் எடுத்துக்கொண்டேன், நீங்கள் அவ்வளவு எடுத்துக்கொள்ள வேண்டாம்.