சேற்றிலும் சிக்காத சக்கரம்!

குழந்தைகளே, ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோவில் தேர் ரத வீதியில் திரும்புவதைப் பார்த்திருக்கிறீர்களா? திருப்பத்தில் உள்பக்கச் சக்கரம் கொஞ்ச தூரம்தான் உருளும். வெளிப்பக்கச் சக்கரமோ அதிக தூரம் உருள வேண்டும். காரிலும், ஜீப்பிலும் இதே கதைதான். ஆனால், தேரை நாம் வடம் பிடித்து இழுக்கிறோம். காரிலோ இன்ஜின்தான் சக்கரங்களைச் சுழற்றுகிறது. இரண்டு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல வேண்டுமே! அதற்காக அச்சின் நடுவே பல்சக்கரங்கள் கொண்ட ஒரு பெட்டியை வைத்திருக்கிறார்கள். அதன் பெயர், டிபரன்ஷியல். லாரியின் பின் அச்சில் பூசணிக்காய் போல உருண்டையாகத் தெரிகிறதே, அதற்குள்தான் இது இருக்கிறது.

இதில் ஒரு குறை உண்டு. இரண்டு பிள்ளைகளுக்கும் சரிசமமாகவே சோறு போடும் அம்மாவை நினைத்துக் கொள்ளுங்கள். ஒரு பிள்ளை ஒரு கவளம் போதும் என்றால், மற்றவனுக்கும் ஒரே கவளம்தான்! டிபரன்ஷியலும் அப்படியே. மழைக்காலத்தில் செண்பகத்தோப்பு ஓடையில் போகும் ஜீப்பின் ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கினால், அதைச் சுழற்றச் சிறிது விசையே போதும். கெட்டித் தரையில் இருக்கும் சக்கரத்துக்கும் அதே சிறிது விசைதான் கிடைக்கும். ஒன்று வீணாகச் சுழல, இன்னொன்று சும்மா நிற்கும். வண்டி நகராது.

இந்தக் குறையோடு மல்லுக்கட்டியவர்களில் ஒருவர், பெர்டினாண்ட் போர்ஷே. 1875 செப்டம்பர் 3ம் தேதி, இன்றைய செக் குடியரசில் உள்ள ஒரு சிற்றூரில் பிறந்தார். அப்பா தகர வேலைப் பட்டறை நடத்தினார். மகனும் அதே தொழிலைச் செய்ய வேண்டும் என்பது அவர் ஆசை. மகனுக்கோ மின்சாரத்தின் மீதுதான் பைத்தியம். பகலில் பட்டறை, மாலையில் தொழிற்பள்ளி என்று படித்தார். வீட்டுக்குத் தானே மின்விளக்கு போட்டுக் காட்டினார்.

1893ல் வியன்னா நகருக்கு வேலைக்குப் போனார். கல்லூரியில் சேர வழியில்லை. தொழில்நுட்பக் கல்லூரி வகுப்புகளில் நைசாக நுழைந்து பாடம் கேட்டார். அதே நிறுவனம் 1917ல் அவருக்கு கவுரவ டாக்டர் பட்டம் வழங்கியது!

1900ல் பாரிஸ் கண்காட்சியில் இவருடைய மின்சாரக் கார் எல்லாரையும் வியக்க வைத்தது. முன்சக்கரம் ஒவ்வொன்றின் உள்ளேயும் தனித்தனி மோட்டார். அதனால் டிபரன்ஷியலே தேவைப்படவில்லை. ஆனால், பேட்டரியின் எடை மிக அதிகம். அதனால், பின்னாளில் பெட்ரோல் கார்களைத்தான் அதிகம் வடிவமைத்தார்.

1930களில் ஆட்டோ யூனியன் நிறுவனத்துக்காக 16 சிலிண்டர் பந்தயக் கார் ஒன்றை உருவாக்கினார். மணிக்கு 160 கி.மீ. வேகம் வரைகூட ஒரு பின்சக்கரம் பிடிப்பின்றி வீணாகச் சுழன்றது. 1935ல், ஜெர்மனியின் இசட்.எப். நிறுவனத்திடம் தீர்வு கேட்டார். அவர்கள் செய்து கொடுத்ததுதான், வழுக்கலைக் கட்டுப்படுத்தும் டிபரன்ஷியல்.

அது எப்படி வேலை செய்கிறது? உங்கள் இரு உள்ளங்கைகளையும் சேர்த்து நன்றாக அழுத்துங்கள். இப்போது ஒரு கையை மட்டும் நகர்த்துங்கள். மற்றக் கையும் கூடவே இழுபடுகிறது அல்லவா? அதுதான் உராய்வு. இந்தப் பெட்டிக்குள்ளும் உராயும் பாகங்கள் உண்டு. ஒரு சக்கரம் மற்றதைவிட வேகமாகச் சுழல முயன்றால், உராய்வு அதைப் பிடித்து இழுத்து, விசையின் ஒரு பங்கை மற்றச் சக்கரத்துக்குத் தள்ளுகிறது. திருப்பத்தில் வரும் சிறு வேக வித்தியாசத்தை மட்டும் விட்டுக் கொடுக்கிறது.

இரண்டாம் உலகப் போரில், போர்ஷே வடிவமைத்த கூபல்வாகன் என்ற ராணுவ வண்டியில் இது பொருத்தப்பட்டது. இன்ஜின் பின்சக்கரங்கள் இரண்டை மட்டுமே சுழற்றியது. ஆனாலும், அது சேற்றிலும், மணலிலும் ஓடியது. சுமார் 50 ஆயிரம் வண்டிகள் தயாராயின.

இங்கேதான் ஒரு வருத்தமான பக்கமும் இருக்கிறது. அந்த வண்டிகள் ஹிட்லரின் படைக்காகச் செய்யப்பட்டவை. போர்ஷே தலைமைப் பொறுப்பு வகித்த வோக்ஸ்வாகன் ஆலையில், பிற நாட்டு மக்களும், கைதிகளும் கட்டாயமாக வேலை வாங்கப்பட்டனர். போருக்குப் பின், 1945 டிசம்பரில் பிரெஞ்சு அதிகாரிகளால் கைதானார், 1947ல் விடுதலையானார். 1951 ஜனவரி 30ல் காலமானார்.

அவர் இளமையில் செய்த சக்கர மோட்டார் என்ன ஆயிற்று? 1971ல் நிலவில் ஓடிய அமெரிக்க வண்டியின் நான்கு சக்கரங்களிலும் தனித்தனி மோட்டார்கள் இருந்தன. இன்று நம் தெருவில் ஓடும் மின்சார ஸ்கூட்டர்கள் பலவற்றிலும் சக்கரத்துக்குள்ளேதான் மோட்டார்.

குழந்தைகளே, வகுப்பில் இடம் கிடைக்காதபோதும் படிப்பை விடாத போர்ஷேயின் ஆர்வத்தை எடுத்துக் கொள்ளுங்கள். அறிவை யாருக்காக, எதற்காகப் பயன்படுத்துகிறோம் என்ற கேள்வியையும் மறக்காமல் கேட்டுக் கொள்ளுங்கள். வழுக்கும் சக்கரத்துக்கு மட்டுமல்ல, மனிதனுக்கும் ஒரு பிடிப்பு வேண்டும்!