ஏரியைத் தூர்க்காதீர்கள் என்று சொன்ன ஸ்காட்லாந்துக்காரர்

கறாரான அப்பாவை எம்டன் என்று சொல்வது நம்ம ஊர் வழக்கம். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகள் மீது குண்டு போட்டுவிட்டு மறைந்த ஜெர்மன் கப்பல் விட்டுச் சென்ற சொல் அது. அதே எம்டன் அடுத்த மாதம் கிளான் கிராண்ட் என்ற பிரிட்டிஷ் சரக்குக் கப்பலை மூழ்கடித்தது. அந்தக் கப்பலோடு உலக நகரங்களின் வரைபடங்களும் படங்களும் நிறைந்த பெட்டிகளும் கடலுக்குள் போயின. சென்னையில் ஒரு கண்காட்சி நடத்துவதற்காக வந்துகொண்டிருந்தவை அவை. சொந்தக்காரர் பெயர் பாட்ரிக் கெடிஸ்.

வேறு யாராக இருந்தாலும் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பார்கள். கெடிஸ் அசரவில்லை. ஊரில் இருந்த நண்பர்கள் புதிதாகப் படங்கள் திரட்டி அனுப்ப, 1915 தொடக்கத்தில் சென்னையில் கண்காட்சி நடந்தே விட்டது. ஒரு நகரம் எப்படி வளர்கிறது என்பதை அதில் வாழும் சாதாரண ஆட்களே பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம்.

யார் இவர்? 1854-ல் ஸ்காட்லாந்தின் பாலட்டர் என்ற சிற்றூரில் பிறந்தவர். லண்டனில் உயிரியலாளர் ஹக்ஸ்லியிடம் பயின்றவர், ஆனால் பட்டம் எதுவும் வாங்கவில்லை. 1879-ல் மெக்சிகோ போன இடத்தில் கொஞ்ச காலம் கண் பார்வை போனது. மைக்ராஸ்கோப்பை நம்பிப் பிழைக்க முடியாது என்று ஆன பிறகு செடி கொடிகளைத் தாண்டி ஊர்களைப் படிக்கத் தொடங்கினார்.

1886-ல் ஆனா மார்ட்டனைத் திருமணம் செய்துகொண்டார். எடின்பரோவில் வசதியானவர்கள் கைவிட்டுப் போன, இடிந்து அழுக்கேறிய பழைய பகுதியில் இருவரும் குடியேறினார்கள். வெளியே இருந்து அறிக்கை எழுதவில்லை. அக்கம்பக்கத்தாரைச் சேர்த்துக்கொண்டு முற்றத்தைப் பெருக்கினார்கள், சுண்ணாம்பு அடித்தார்கள், காலி இடங்களில் செடி வைத்தார்கள். பிற்பாடு அவர் உலகுக்குச் சொன்ன நகரத் திட்டமிடலுக்கு விதை அங்கேதான் விழுந்தது.

சென்னை கவர்னர் பென்ட்லண்ட் பிரபு அழைத்ததால் 1914-ல் இந்தியா வந்தவர், மதுரை, தஞ்சாவூர் உட்பட பல ஊர்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கை கொடுத்தார். அன்றைய அதிகாரிகளின் வழக்கம் வேறு. வரைபடத்தில் ஸ்கேல் வைத்து நேர்கோடு இழு, குறுக்கே வரும் வீட்டை இடி, குளத்தைத் தூர்த்து விடு. கெடிஸ் வெயிலில் சந்து சந்தாக நடந்தார். எந்தக் கிணற்றில் தண்ணீர் எடுக்கிறார்கள், எந்த மரத்தடியில் கூடுகிறார்கள் என்று பார்த்த பிறகே பென்சிலைத் தொட்டார். நல்ல வைத்தியர் உடம்பில் எவ்வளவு குறைவாகக் கத்தி வைக்கலாம் என்று பார்ப்பது மாதிரி, ஊரில் எவ்வளவு குறைவாக இடிக்கலாம் என்பதே அவர் கணக்கு. செலவும் குறைந்தது, வீடு இழப்பவர்களும் குறைந்தார்கள்.

தண்ணீர் விஷயத்தில் அவர் சொன்னதைத்தான் நாம் முக்கியமாகக் கேட்டிருக்க வேண்டும். கொசு வருகிறது, மலேரியா வருகிறது, குளத்தை மூடு என்றது அன்றைய சுகாதாரத் துறை. குளத்தைச் சுத்தமாக வை, மீன் விடு, வாத்து விடு, கொசுப் புழுவை அவை பார்த்துக்கொள்ளும் என்றார் உயிரியல் படித்த கெடிஸ். குழாய்த் தண்ணீர் வந்தாலும் பழைய கிணறுகளை விட்டுவிடாதீர்கள், என்றைக்காவது குழாய் காலை வாரும் என்றும் எச்சரித்தார்.

மக்களைச் சேர்ப்பது என்றால் என்ன என்று அவர் காட்டிய இடம் இந்தூர். 1917-ல் அங்கே பிளேக் பயம். மகாராஜாவிடம் பேசி, தீபாவளி ஊர்வலம் ஒன்றுக்கு ஏற்பாடு செய்தார். வழக்கமான பாதையில் போகாது, எந்தத் தெரு நன்றாகச் சுத்தமாகிறதோ அந்தத் தெரு வழியாகப் போகும் என்று அறிவிப்பு. ஊரே போட்டி போட்டுக்கொண்டு குப்பை அள்ளியது, வெள்ளையடித்தது. ஊர்வலத்தில் ராட்சத எலி பொம்மை வந்தது. துப்புரவுத் தொழிலாளர்களும் வெள்ளை உடுத்தி, பூ சூடி, மரியாதையோடு நடந்தார்கள். உத்தரவால் மட்டும் நடக்காத வேலை இது.

அதே ஆண்டு அவருக்குப் பேரிடி. மூத்த மகன் அலஸ்டேர் போரில் இறந்தார். சில வாரங்களில் ஆனாவும் இந்தியாவிலேயே காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார், மகன் இறந்த செய்தி தெரியாமலே. கெடிஸ் வேலையை நிறுத்தவில்லை. பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பேராசிரியராக இருந்தார், பிறகு டெல் அவிவ் நகரத்துக்குத் திட்டம் வரைந்தார். 1932-ல் பிரான்சின் மான்ட்பெலியே நகரில் காலமானார்.

அவரிடமும் குறை உண்டு. அவரை அழைத்தவர்கள் கவர்னர்களும் மகாராஜாக்களும். அறிக்கைகள் ஆங்கிலத்தில். யாருடைய தெருவைப் பற்றி எழுதினாரோ அவர்களில் பெரும்பாலோர் அதைப் படித்திருக்க முடியாது, முடிவெடுக்கும் அதிகாரமும் அவர்களிடம் இல்லை. அவர் வந்துபோன பத்து வருடத்துக்குள், 1920-களில், மயிலாப்பூர் முதல் நுங்கம்பாக்கம் வரை நீண்டு கிடந்த பெரிய ஏரியைத் தூர்த்துத்தான் சென்னையின் தி.நகர் எழுந்தது.

நான் இருக்கும் ஈஸ்ட் பிரன்ஸ்விக்குக்குப் பக்கத்து ஊரான நியூ பிரன்ஸ்விக் வரை டெலவேர்-ராரிட்டன் கால்வாய் வருகிறது. 1834-ல் திறந்து, நிலக்கரிப் படகுகள் ஓடிய கால்வாய். 1932-ல் படகுப் போக்குவரத்து முடிந்தது. மண்ணைப் போட்டு மூடி மனை போடவில்லை. இன்று மத்திய நியூ ஜெர்சியில் லட்சக்கணக்கானவர்கள் குடிக்கும் தண்ணீர் அதில் வருகிறது. பெயர்கூடத் தெரியாமலே கெடிஸ் சொன்னதைச் செய்திருக்கிறார்கள்.

இத்தனைக்கும் நியூ ஜெர்சியில் வருடத்துக்குச் சுமார் 1,200 மில்லிமீட்டர் மழை, சென்னையில் சுமார் 1,400. வித்தியாசம் என்னன்னா, இங்கே மாதாமாதம் பிரித்துப் பெய்கிறது, அங்கே பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். பிடித்து வைக்க ஏரி இல்லாவிட்டால் 2015 டிசம்பர் மாதிரி வெள்ளம், 2019 மாதிரி ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர்.

எங்கள் ஐ.டி. தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த பாடம் ஒன்று உண்டு. யூசரைக் கேட்காமல் எழுதிய ரெக்வயர்மென்ட், கோ-லைவ் அன்றே பல்லிளிக்கும். சாஃப்ட்வேரையாவது ரோல்பேக் பண்ணலாம். தூர்த்த ஏரியை என்ன செய்வது?

சென்னைக்கு 2026 முதல் 2046 வரையிலான மூன்றாவது முழுமைத் திட்டத்துக்காக மக்களிடம் கருத்துக் கேட்டார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் ஆன்லைன் படிவத்தோடு அது நின்றுவிடக் கூடாது. எந்த மதகு அடைத்துக் கிடக்கிறது, எந்தத் தெருவில் முதலில் முழங்கால் தண்ணீர் நிற்கும், எந்தக் கிணறு கோடையிலும் வற்றாது என்பதெல்லாம் குடத்தோடு லாரிக்குக் காத்திருக்கும் அக்காவுக்கும் கரையோரக் குடிசைவாசிக்கும் தெரியும். வார்டு வார்டாக அவர்களோடு நடந்து, அவர்கள் சொல்வதை வரைபடத்தில் ஏற்றி, அதைத் தமிழில் அவர்களிடமே திரும்பக் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும். கோடு போட்ட பிறகு கேட்டால் அது வெறும் சம்பிரதாயம். போடுவதற்கு முன்னால் கேட்பதுதான் திட்டமிடல்.