கல்லூரியில் படிக்காத ஆசிரியர் தொடங்கிய மாணவர் சங்கம்

கணித மன்றம், இலக்கிய மன்றம், விஞ்ஞான மன்றம் என்று கல்லூரிகளில் இன்று பல மன்றங்கள் இருக்கின்றன. வகுப்பு முடிந்ததும் மாணவர்கள் கூடுகிறார்கள். ஒருவர் கட்டுரை படிப்பார். மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். இதனால் யாருக்கும் எந்த ஆபத்தும் இல்லை.

ஆனால் 1831-ம் ஆண்டில், கல்கத்தாவில் ஓர் ஆசிரியர் இப்படி மாணவர்களைக் கூட்டிப் பேச வைத்தார். அதனால் வேலையை இழந்தார். அப்போது அவருக்கு வயது 22. அவர் பெயர் ஹென்றி டெரோசியோ.

14 வயதில் வேலை

டெரோசியோ 1809-ம் ஆண்டு ஏப்ரல் 18-ந் தேதி கல்கத்தாவில் பிறந்தார். தந்தை போர்த்துகீசிய இந்திய வம்சத்தவர். ஒரு வியாபாரக் கம்பெனியில் வேலை பார்த்தார். தாயார் டெரோசியோவின் சிறு வயதிலேயே காலமாகிவிட்டார்.

டேவிட் டிரம்மண்ட் என்ற ஸ்காட்லாந்துக்காரர் நடத்திய பள்ளிக்கூடத்தில் டெரோசியோ படித்தார். 14 வயதில் படிப்பு நின்றது. தந்தை வேலை பார்த்த கம்பெனியில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். பிறகு பாகல்பூருக்குச் சென்றார். அங்கே உறவினர் ஒருவருக்கு அவுரித் தொழிற்சாலை இருந்தது. கங்கைக் கரையில் இருந்த அந்த ஊரில் கவிதை எழுதத் தொடங்கினார். கல்கத்தா பத்திரிகையில் அவை வெளிவந்தன. இந்தியாவைத் தாய்நாடு என்று போற்றி ஆங்கிலத்தில் பாடிய முதல் கவிஞர்களில் அவர் ஒருவர்.

1826-ம் ஆண்டில் இந்து கல்லூரியில் அவருக்கு ஆசிரியர் வேலை கிடைத்தது. கல்கத்தாவின் பெரிய மனிதர்கள் சேர்ந்து 1817-ல் தொடங்கிய கல்லூரி அது. கல்லூரியின் வாசற்படியை மாணவராக மிதிக்காதவர், 17 வயதில் ஆசிரியராக உள்ளே நுழைந்தார்! அவரிடம் பயின்ற ரசிக் கிருஷ்ண மல்லிக், அவரைவிட ஒரே வயதுதான் இளையவர்.

தோட்ட வீட்டில் கூட்டம்

வகுப்பு நேரம் டெரோசியோவுக்குப் போதவில்லை. மாலை வேளையில் மாணவர்கள் அவர் வீட்டுக்கு வந்து பேசினார்கள். அதுவே 1828-ல் ஒரு சங்கமாக உருவெடுத்தது. அகாடமிக் அசோசியேஷன் என்று அதற்குப் பெயர். கூட்டம் பெருகவே, மாணிக்தலாவில் ஸ்ரீகிருஷ்ண சிங்கின் தோட்ட வீட்டுக்குச் சங்கம் இடம் மாறியது.

விதி உண்டா? புண்ணியம் எது, பாவம் எது? தேசபக்தி என்றால் என்ன? விக்கிரக வழிபாடு சரியா? இப்படிப்பட்ட விஷயங்களை மாணவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஒரு தரப்பை மட்டும் கேட்டு முடிவு செய்யக்கூடாது என்பது டெரோசியோவின் கொள்கை. கடவுள் இல்லை என்பவரின் வாதத்தையும் சொல்லிக் கொடுத்தார். அதற்கு அறிஞர்கள் அளித்த பதிலையும் சொல்லிக் கொடுத்தார். கடிகார வியாபாரியும் கல்லூரியின் நண்பருமான டேவிட் ஹேர் இந்தக் கூட்டங்களுக்கு வருவார்.

1830-ல் மாணவர்கள் பத்திரிகை ஒன்று தொடங்கினார்கள். ஓர் இதழ்தான் வந்தது. இரண்டாவது இதழை மேலிடம் தடுத்துவிட்டது.

ஊரில் கொந்தளிப்பு

இளைஞர்களில் சிலர் வரம்பு மீறியதும் உண்மை. விலக்கப்பட்ட உணவை வேண்டுமென்றே உண்டார்கள். பழைய ஆசாரங்களை வெளிப்படையாகக் கேலி செய்தார்கள். பெற்றோர்கள் பதறினார்கள். பலர் பிள்ளைகளைக் கல்லூரியிலிருந்து நிறுத்தினார்கள். பழி முழுவதும் டெரோசியோவின் தலையில் விழுந்தது.

1831 ஏப்ரல் 23-ந் தேதி நிர்வாகக் குழு கூடியது. அவர் ஆசிரியராக இருக்கத் தகுதி அற்றவரா என்ற கேள்வி முதலில் வந்தது. வதந்தியைத் தவிர வேறு ஆதாரம் இல்லை என்று பலர் சொன்னார்கள். குற்றம் நிரூபணம் ஆகவில்லை. அடுத்து வேறொரு கேள்வி வந்தது. ஊரார் மனநிலையைக் கருதி அவரை நீக்குவது நல்லதா? நல்லது என்று பெரும்பான்மையோர் முடிவு செய்தார்கள். டெரோசியோவை அழைத்து ஒரு வார்த்தைகூட விசாரிக்கவில்லை!

ஏப்ரல் 25-ந் தேதி அவர் ராஜிநாமா கடிதம் கொடுத்தார். விசாரணை இல்லாமல் தண்டிக்கப்பட்டதை அதில் கண்டித்தார். பிறகு சொந்தமாக ஒரு பத்திரிகை தொடங்கினார். அதே ஆண்டு டிசம்பரில் காலரா அவரைத் தாக்கியது. மாணவர்கள் இரவும் பகலும் அருகில் இருந்து பணிவிடை செய்தார்கள். பலன் இல்லை. டிசம்பர் 26-ந் தேதி உயிர் பிரிந்தது. கல்கத்தா பார்க் தெருக் கல்லறைத் தோட்டத்தில் அவரை அடக்கம் செய்தார்கள்.

சங்கம் சாகவில்லை

ஆசிரியர் போனபின் சங்கத்துக்கு டேவிட் ஹேர் தலைவர் ஆனார். 1838-ல் பழைய மாணவர்கள் பொது அறிவு வளர்ப்பதற்கென்று இன்னொரு சங்கமும் கண்டார்கள். 1843-ல் அதன் கூட்டம் கல்லூரி மண்டபத்தில் நடந்தது. கம்பெனி ஆட்சியின் நீதிமன்றங்களையும் போலீசையும் கண்டித்து தட்சிணாரஞ்சன் முகர்ஜி கட்டுரை படித்தார். அரசாங்கத்துக்கு விரோதமான பேச்சுக்குக் கல்லூரியில் இடம் தரமுடியாது என்று காப்டன் ரிச்சர்ட்சன் குறுக்கிட்டார். தலைமை வகித்த தாராசந்த் சக்கரவர்த்தி பணியவில்லை. ரிச்சர்ட்சன் குறுக்கிட்டது முறையல்ல என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னார்.

அந்த மாணவர்கள் பிற்காலத்தில் என்ன ஆனார்கள்?

ராதாநாத் சிக்தார் நில அளவை இலாகாவில் சேர்ந்தார். எவரெஸ்ட் சிகரத்தின் உயரத்தைக் கணக்கிட்டவர் அவரே. தட்சிணாரஞ்சன், 1849-ல் பெத்யூன் தொடங்கிய பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு உதவினார். ராம்தனு லாகிரி சிறந்த ஆசிரியராக விளங்கினார். பியாரி சந்த் மித்ரா, ராதாநாத்துடன் சேர்ந்து 1854-ல் ஒரு மாதப் பத்திரிகை தொடங்கினார். அதிகம் படிக்காத பெண்களும் புரிந்து கொள்ளும்படி, பேச்சு வழக்கை ஒட்டிய எளிய வங்காளியில் அதை நடத்தினார்கள்.

டெரோசியோ ஆசிரியராக இருந்தது ஐந்தே ஆண்டுகள். மாணவர்களுக்கு அவர் சொத்து எதுவும் வைத்துவிட்டுப் போகவில்லை. எதிர்த் தரப்பின் சொல்லையும் பொறுமையாகக் கேட்டு, பிறகு தன் புத்தியால் முடிவு செய்யும் பழக்கத்தைத்தான் கொடுத்துவிட்டுப் போனார். அவரை விசாரித்தவர்களிடம் இல்லாமற்போனதும் அந்தப் பழக்கம்தான்.