30 ஆயிரம் சென்ட் நிலத்தைச் சும்மா கொடுத்த வக்கீல்: காரைக்குடியை மாற்றிய அழகப்பர் யார்?

திருச்சியில் இருந்து புதுக்கோட்டை வழியாக காரைக்குடி போனால், ஊருக்குள் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு பெயர் கண்ணில் படும். அழகப்பா பல்கலைக்கழகம், அழகப்பா கல்லூரி, அழகப்பா பள்ளி. சென்னை கிண்டியில் மாணவர்கள் 'ஏ.சி.டெக்' என்று கூப்பிடும் கல்லூரியின் முதல் இரண்டு எழுத்தும் இவர் பெயர்தான். சட்டம் படித்து, தொழிலதிபராகி, சேர்த்த நிலத்தையும் பணத்தையும் கல்விக்கே கொடுத்த அழகப்பச் செட்டியாரின் கதை இது.

லண்டன் போன கோட்டையூர்க்காரர்

காரைக்குடி பக்கத்தில் உள்ள கோட்டையூரில் 1909 ஏப்ரல் 6-ம் தேதி பிறந்தார் அழகப்பர். சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்து எம்.ஏ. பட்டம் வாங்கினார். அடுத்து லண்டன் போய் பாரிஸ்டர் ஆனார். அங்கே இருந்தபோதே விமானம் ஓட்டவும் கற்றுக்கொண்டார்.

ஊர் திரும்பி கறுப்பு கோட் போட்டுக்கொண்டு நன்றாகச் சம்பாதித்திருக்கலாம். ஆனால் அவர் மனசு தொழில் பக்கம் போனது. கேரளாவின் திருச்சூர் மாவட்டத்தில் நூல் ஆலை நடத்தினார். அந்த ஆலை இருந்த பகுதி இன்றைக்கும் அழகப்பா நகர் என்றுதான் அழைக்கப்படுகிறது. ஜூபிடர் ஏர்வேஸ் என்ற விமான நிறுவனத்தையும் தொடங்கினார்.

ஆறு வாரத்தில் ஒரு கல்லூரி

அப்போது காரைக்குடியில் பெரிய பெரிய வீடுகள் இருந்தன, கல்லூரிதான் இல்லை. பள்ளிப் படிப்பை முடித்த பையன்கள் புதுக்கோட்டை, திருச்சி, மதுரை என்று வெளியூர் போக வேண்டும். வசதி இல்லாத வீட்டுப் பிள்ளைக்குப் படிப்பு அதோடு சரி.

1947 ஜூலை தொடக்கத்தில் சென்னையில் அன்னி பெசன்ட் நூற்றாண்டு விழா நடந்தது. வசதி படைத்தவர்கள் கல்லூரி தொடங்க முன்வர வேண்டும் என்று அங்கே கேட்டுக்கொண்டார், சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ.லட்சுமணசாமி முதலியார். கூட்டத்தில் இருந்த அழகப்பர், காரைக்குடியில் கல்லூரி தொடங்குவதாக அந்த மேடையிலேயே அறிவித்தார். சொந்தக் கட்டடம் வரட்டும் என்று காத்திருக்கவில்லை. ஆகஸ்ட் 11-ம் தேதி காரைக்குடி காந்தி மாளிகையில் வகுப்பு ஆரம்பித்துவிட்டது. அதாவது, சுதந்திரம் கிடைக்க நான்கு நாள் முன்பே!

300 ஏக்கரும் 15 லட்சமும்

அடுத்து நடந்ததுதான் பெரிய விஷயம். சுதந்திர இந்தியா தேசிய ஆய்வகங்களை அமைக்கத் தொடங்கிய நேரம் அது. அறிவியலுக்கு ஆசை இருந்தது, ஆனால் கையில் காசு குறைவு. பொதுவாக இப்படிப்பட்ட ஆய்வகங்கள் பெரிய நகரங்களுக்குத்தான் போகும். மழை குறைந்த செட்டிநாட்டுக்கு ஒன்று வரும் என்று யார் நினைத்திருப்பார்கள்?

அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க முன்வந்தார். 300 ஏக்கர் என்றால் 30 ஆயிரம் சென்ட். மனை போட்டு விற்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

1948 ஜூலை 25-ல் பிரதமர் நேருவே காரைக்குடி வந்து அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14-ல், பொங்கல் நேரத்தில், அன்றைய குடியரசுத் துணைத் தலைவர் ராதாகிருஷ்ணன் ஆய்வகத்தைத் திறந்து வைத்தார். அதுதான் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், அதாவது 'சிக்ரி'. இரும்பு துருப்பிடிப்பதைத் தடுப்பது, உலோகப் பூச்சு, பேட்டரி ஆகியவை இங்கே நடக்கும் முக்கிய ஆய்வுகள். செல்போன், மின்சார வாகனம் என்று பேட்டரி இல்லாமல் எதுவும் நகராத இந்தக் காலத்தில், அந்த நிலத்தின் மதிப்பு இன்னும் நன்றாகப் புரிகிறது.

வீட்டையும் விட்டு வைக்கவில்லை

காரைக்குடிக்கு மட்டும் கொடுத்தவர் இல்லை அவர். சென்னையில் தொழில்நுட்பக் கல்லூரி அமைய 1944-ல் 5 லட்சம் ரூபாய் கொடுத்தார். திருவிதாங்கூர் பல்கலைக்கழகத்தில் தமிழ் வளர 1 லட்சம் கொடுத்தார். காரைக்குடியில் 1952-ல் பொறியியல் கல்லூரி வந்தது. பெண்கள் கல்லூரிக்கு இடம் தேவைப்பட்டபோது, கோட்டையூரில் தான் வாழ்ந்த வீட்டையே கொடுத்துவிட்டார்.

இத்தனைக்கும் எல்லாமே அவருக்குச் சாதகமாக நடக்கவில்லை. விமான நிறுவனம் நிலைக்கவில்லை. இளம் வயதில் பிடித்த நோய் கடைசி வரை விடவில்லை. ஆனாலும் கொடுப்பதை அவர் நிறுத்தவில்லை. 1956-ல் பத்மபூஷண் விருது கிடைத்தது. அடுத்த ஆண்டு ஏப்ரல் 5-ம் தேதி காலமானார். மறுநாள் விடிந்திருந்தால் அவருக்கு 48 வயது முடிந்திருக்கும்.

இன்று என்ன இருக்கிறது?

அவர் போட்ட விதையில் இருந்து 1985-ல் தமிழக அரசின் அழகப்பா பல்கலைக்கழகம் உருவானது. 2007-ல், அவர் பிறந்த ஏப்ரல் 6-ம் தேதியன்று, இந்திய அஞ்சல் துறை அவருக்குத் தபால்தலை வெளியிட்டது.

ஒரு காலத்தில் படிப்புக்காகக் காரைக்குடிப் பிள்ளைகள் வெளியூருக்குப் பஸ் ஏறினார்கள். இப்போது வெளியூர்ப் பிள்ளைகள் காரைக்குடிக்குப் பஸ் ஏறுகிறார்கள். 48 வயதுகூட நிறையாத ஒருவர் ஊருக்கு விட்டுப்போன சொத்து அதுதான்.