பத்துப் பாய்க்கப்பல்களைக் கட்டுவித்தவர்

(இளங்கலை இயற்பியல், இரண்டாம் ஆண்டு)

கப்பல் என்றதும் தமிழ் நெஞ்சில் முதலில் எழும் உருவம் வ.உ.சிதம்பரனார்தான். 1906ஆம் ஆண்டில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கிய அப்பெருமகனைப் பற்றி நம் மலரில் யாரேனும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள், எழுதவும் வேண்டும். நான் எழுதப் புகுவது வேறொருவரைப் பற்றி. அவர் மாலுமியல்லர், கப்பல் தச்சருமல்லர். ஒரு நாட்டின் முதல் நிதியமைச்சர். பெயர் அலெக்சாண்டர் ஹாமில்ட்டன். அமெரிக்காவின் பத்து டாலர் நோட்டில் இருப்பது அவர் முகந்தான்.

என்னை அவரிடம் கொண்டு சேர்த்தது ஒரு மாதிரிக் கப்பலின் வரைபடம். மேலை நாடுகளில் பழைய பாய்க்கப்பல்களைச் சிறு அளவில் செய்வதற்கென்றே பெட்டிகள் விற்கிறார்கள். ஏரா, வங்குக் கால்கள், மெல்லிய பலகைகள், பித்தளைப் பீரங்கிகள், கயிற்றுக்கு நூல், பெரிய வரைபடம் எல்லாம் அதனுள் இருக்கும். அவற்றுள் கட்டர் எனப்படும் சுங்கக் காவல் கப்பல்களுக்குத் தனி மதிப்புண்டு. 1763இல் கட்டப்பட்ட ஆங்கிலேயரின் ஷெர்போர்ன், 1830களில் அமெரிக்கர் கட்டிய ரோஜர் பி. டேனி ஆகியவை பெயர் பெற்றவை. டேனியின் நீளம் சுமார் 73 அடி. 64இல் ஒரு பங்காகச் சுருக்கினால் ஏறத்தாழ 14 அங்குலம். ஒரு புத்தக அலமாரியில் அடங்கிவிடும். ஆங்கிலேயரின் கட்டருக்கு ஒரே பாய்மரம். அமெரிக்கர் பெரும்பாலும் இரண்டு பாய்மரம் வைத்துக் கட்டிவிட்டுப் பெயரை மட்டும் மாற்றாமல் வைத்துக்கொண்டார்கள்!

பெட்டியை விலைக்கு வாங்குவது என்னைப் போன்றோருக்கு ஆகாத காரியம். எங்கள் கடற்கரைக் கிராமத்தில் சிறுவர்கள் கல்யாண முருங்கைக் கட்டையைச் செதுக்கித்தான் விளையாட்டுப் படகு செய்வார்கள். நானும் அக்கட்டையிலேயே டேனியைச் செதுக்கி ஊருணியில் விட்டேன். சிறு காற்றுக்கே சாய்ந்தது. காரணம் இயற்பியலில் இருக்கிறது. நீளம் 64 மடங்கு குறையும்போது பாயின் பரப்பு 4,096 மடங்கு குறைகிறது. எடையோ 2,62,144 மடங்கு குறைகிறது. கப்பலைச் சாய்க்கும் திருப்புத்திறன் நீளத்தின் மும்மடிப்படி குறைய, நிமிர்த்தும் திருப்புத்திறன் நான்மடிப்படி குறைகிறது. காற்று மட்டும் நமக்காகச் சுருங்குவதில்லை. ஆதலால் மாதிரிக்கு ஏராவின் அடியில் ஈயம் கட்ட வேண்டும், அல்லது பாயைக் குறைக்க வேண்டும். ஈயக்குண்டு கட்டியபின் கரை சேர்ந்தது.

இக்கப்பல்களை முதலில் நினைத்தவர் யார் என்று தேடியபோது கிடைத்தவரே ஹாமில்ட்டன்.

மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான நெவிஸில் அவர் பிறந்தார். ஆண்டு 1755 என்பாரும் உண்டு, 1757 என்பாரும் உண்டு. தந்தை குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். 1768இல் செயின்ட் குரோய் தீவில் தாயும் மகனும் ஒரே காய்ச்சலில் படுத்தார்கள். மகன் மட்டும் எழுந்தான். தாய் விட்டுச்சென்ற சொற்பச் சொத்தும், முறையாக மணந்து பெற்ற பிள்ளையல்லன் என்ற காரணத்தால், அவனுக்கு இல்லையென்று தீர்ப்பாயிற்று. அவளுடைய புத்தகங்கள் ஏலத்துக்கு வந்தன. நல்ல மனம் படைத்த ஒருவர் அவற்றை ஏலத்தில் எடுத்து அவன் கையிலேயே கொடுத்தார். முதலாளியின் கணக்கப்பிள்ளையாக உட்கார்ந்து, சரக்குக் கப்பல்களின் ஏற்று இறக்குக் கணக்கை அச்சிறுவன் எழுதினான். அந்நிறுவனம் அடிமைகளையும் விற்றது என்பதை இங்கே மறைக்கலாகாது. பிற்காலத்தில் நியூயார்க்கில் அடிமை விடுதலைச் சங்கத்தில் அவர் சேர்ந்ததற்கு இந்நாட்களும் ஒரு காரணமாயிருக்கலாம்.

1772ஆம் ஆண்டு ஆகஸ்டு இறுதியில் பெரும்புயல் தீவைச் சூறையாடியது. அதைப் பற்றி அவன் எழுதிய கடிதம் உள்ளூர்ச் செய்தித்தாளில் வந்தது. படித்த பெரியவர்கள் வியந்து, பணம் திரட்டி, அவனைப் படிக்கக் கப்பலேற்றினார்கள். நியூயார்க்கில் கல்லூரியில் சேர்ந்தான். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசல் மிதித்த நம்மில் பலருக்கு, பிறர் தந்த பணத்தில் படிப்பது எத்தகைய சுமை என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

படிப்பு முடியுமுன் விடுதலைப் போர் வந்துவிட்டது. 1776இல் பீரங்கிப் படைத் தலைவர். மறு ஆண்டு வாஷிங்டனின் உதவியாளர். 1781இல் யார்க்டவுன் போரில் இரவுத் தாக்குதலுக்குத் தலைமை தாங்கியவர். இவற்றை வரலாற்று மாணவர்கள் விரித்துச் சொல்வார்கள். 1789 செப்டம்பரில் நிதியமைச்சரானார். கையில் கிடைத்ததோ சுமார் 8 கோடி டாலர் கடன்! அந்நாளில் அரசின் வருவாயில் மிகப் பெரும்பகுதி துறைமுகச் சுங்கத் தீர்வையே. ஆனால் கள்ளக்கடத்தலில் பழகிய கரை அது. அந்நியருக்குத் தீர்வை கொடாமல் ஏமாற்றுவதைத் தேசபக்தியாகவே கருதியிருந்தார்கள். நாட்டுக்குக் கடற்படையும் இல்லை. கடைசிப் போர்க்கப்பலை 1785லேயே விற்றிருந்தார்கள்.

ஹாமில்ட்டன் கேட்டது பத்துச் சிறு கப்பல்கள். 1790 ஆகஸ்டு 4ஆம் நாள் சட்டம் நிறைவேறியது. பத்துக்கும் சேர்த்துச் செலவு 10,000 டாலருக்கு மேற்படக் கூடாது. தலைவருக்கு மாதம் 30 டாலர், மாலுமிக்கு 8, பையன்களுக்கு 4. ஒவ்வொரு கப்பலுக்கும் அவர் அனுமதித்த தளவாடம் பத்துத் துப்பாக்கிகள், இருபது கைத்துப்பாக்கிகள், இரண்டு உளிகள், ஒரு கோடரி, இரண்டு விளக்குகள். உளியும் கோடரியும் எதற்கு? சரக்குப் பெட்டிகளைத் திறந்து பார்க்க வேண்டுமே! அவற்றுள் மாசசூசெட்ஸ் என்ற கப்பல் வேகம் போதாமல் 1792லேயே விற்கப்பட்டது. அந்தப் பத்தின் மூல வரைபடங்கள் நமக்குக் கிட்டவில்லை. ஆகவேதான் மாதிரி செய்பவர்கள் பிற்காலத்துக் கப்பல்களை நாடுகிறார்கள். டேனியின் உடன்பிறப்பான கப்பல் ஒன்றுக்கு ஹாமில்ட்டன் பெயரையே சூட்டினார்கள்.

இவ்வளவையும்விட என்னைக் கவர்ந்தது, 1791 ஜூன் 4இல் அவர் கப்பல் தலைவர்களுக்கு எழுதிய கடிதம். நீங்கள் சோதிக்கப் போவது சுதந்தர மனிதர்களை. அவர்களிடம் எசமானத் தோரணை காட்டாதீர்கள், இறுமாப்போ முரட்டுத்தனமோ அவமதிப்போ கூடாது என்ற கருத்துப்பட அதில் எழுதியிருந்தார். என் தந்தையார் நாட்டுப்படகில் தொழில் செய்பவர், எழுத்தறியாதவர். நடுக்கடலில் படகை நிறுத்திச் சோதிப்பவர்கள் வயதைக்கூடப் பாராமல் ஒருமையில்தான் அழைப்பார்கள் என்று வீட்டில் சொல்லி வருந்துவார். இக்கடிதத்தைத் தமிழில் அவருக்குச் சொன்னேன். எழுதியவர் கடல் கண்டவரா என்று மட்டும் கேட்டார். தீவில் கப்பல் கணக்கு எழுதிய பிள்ளை என்றேன். அதுதானே பார்த்தேன் என்று வலைப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஹாமில்ட்டனிடம் குறையே இல்லையென்று சொல்ல நான் வரவில்லை. 1791இல் அவர் போடச் செய்த சாராயத் தீர்வை மேற்குப் பகுதிச் சிறு விவசாயிகளை வாட்டியது. 1794இல் கலகம் எழ, படையுடன் அவரே புறப்பட்டார். வேதாரண்யத்து உப்பை நினைக்கும் நமக்கு இது கசக்கவே செய்யும். கடலில் காட்டச் சொன்ன மரியாதையை மலைநாட்டு உழவனுக்கும் காட்டியிருக்கலாம்.

1795 ஜனவரியில் பதவி விலகி வழக்கறிஞரானார். 1801இல் மூத்த மகன் பிலிப் துப்பாக்கிச் சண்டையில் இறந்தான். 1804 ஜூலை 11இல், வீஹாக்கன் பகுதியில், துணைக் குடியரசுத் தலைவர் ஆரன் பர்ருடன் நடந்த சண்டையில் தந்தையும் குண்டடிபட்டு மறுநாள் உயிர் நீத்தார். கோடிக்கணக்கான கடனை ஒழுங்கு செய்தவர் தம் வீட்டுக்கு வைத்துப்போனதும் கடனே. நண்பர்கள் பணம் திரட்டிக் குடும்பத்தைக் காத்தனர். மனைவி எலிசபெத் 1806இல் வேறு சில பெண்மணிகளுடன் சேர்ந்து நியூயார்க்கில் அநாதைக் குழந்தைகளுக்கு ஓர் இல்லம் தொடங்கி, பல்லாண்டுகள் நடத்தி, 1854இல் தம் 97ஆம் வயதில் காலமானார்.